ராத்திரி பல்லி வேட்டையாடுறத உக்காந்து பாக்குறது எப்படி

மொதல்ல ஒரே ஒரு பல்லிய முடிவு பண்ணிக்கோங்க. செவுத்துல அஞ்சாறு இருந்தாலும் சரி, எல்லாத்தையும் பாக்கப் போனா ஒண்ணையும் உருப்படியா பாக்க முடியாது. லைட்டு போட்டதுல இருந்து ரெண்டு மூணு மணி நேரம் நல்ல டைம், பகல் சூடு செவுத்துல மிச்சம் இருக்கும், பூச்சியும் வந்து மொய்க்கும். குளிரான ராத்திரில எதிர்பார்க்காதீங்க, பல்லிக்கு உடம்பு சூடு வெளியில இருந்துதான் வரணும், அதனால மந்தமா கெடக்கும்.

ரெண்டு மீட்டராவது தள்ளி அசையாம உக்காருங்க. இருட்டுப் பக்கம் டார்ச் அடிக்கணும்னா சிவப்பு கலர் பேப்பர் ஒட்டிட்டு அடிங்க, ராத்திரி பல்லிங்களுக்கு சிவப்பு வெளிச்சம் ரொம்ப கம்மியாதான் தெரியும். மத்தபடி அதுங்க கண்ணு சாதாரண கண்ணு இல்ல, ஹெல்மெட் பல்லின்னு ஒரு வகைய வச்சு 2004-ல செஞ்ச ஆராய்ச்சில, மங்கலான நிலா வெளிச்சத்துலயும் நீலத்தையும் சாம்பலையும் அது பிரிச்சுப் பாக்குதுன்னு தெரிஞ்சுது, நமக்கு அந்த வெளிச்சத்துல கலரே தெரியாது!

இப்போ போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு, எவ்ளோ நேரம் சும்மா இருக்கு, எவ்ளோ நேரம் நகருதுன்னு குறிச்சுக்கோங்க. வீட்டுப் பல்லி பெரும்பாலும் காத்திருந்து புடிக்கிற ஆளு, அதனால சும்மா இருக்குற நேரம்தான் எக்கச்சக்கமா வரும், அதப் பாத்து போரடிக்குதுன்னு எழுந்து போயிடாதீங்க, அதுவும் வேட்டைதான். பூச்சி உக்காந்ததும் தலை மட்டும் திரும்பும், அப்புறம் வயித்த செவுத்தோட ஒட்டிக்கிட்டு ரெண்டடி வைக்கும், நிக்கும், மறுபடி ரெண்டடி, சில நேரம் வால் நுனி மட்டும் நெளியும், அடுத்த செகண்ட் கப்புனு பாய்ஞ்சிடும். பெரிய அந்துப்பூச்சியா இருந்தா வாயில கவ்விக்கிட்டே செவுத்துல ரெண்டு அடி அடிச்சுத்தான் முழுங்கும். முடிஞ்சதும் நாக்க நீட்டி கண்ண நக்கும் பாருங்க, இமை இல்லாததால கண்ண தொடைக்க அதுக்கு நாக்குதான்.

தப்பிச்ச பூச்சியையும் கட்டாயம் எழுதுங்க, புடிச்சத மட்டும் எழுதுனா பல்லி எல்லாத்துலயும் ஜெயிக்குதுன்னு தோணிடும்.

பாக்குற நாட்கள்ல பூச்சி மருந்து அடிக்காதீங்க. பல்லிய தொரத்தவும் வேண்டாம், வால் அறுந்தா அதுல சேத்து வச்ச கொழுப்பும் போயிடும், பாவம். வேணும்னா அடுத்த ராத்திரி அந்த லைட்ட அணைச்சுட்டு, அதே பல்லி எங்க போய் காத்திருக்குன்னு தேடிப் பாருங்க.