ராம்நாடு பக்கம் சண்ட்யூ வளக்குறீங்களா? குளிர்காலத் தூக்கத்துக்கு இப்படி பண்ணுங்க

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், உங்ககிட்ட இருக்குற சண்ட்யூவுக்கு (இலையில இருக்குற பசையால பூச்சி பிடிச்சுத் திங்குற செடி) இந்தத் தூக்கமே, அதாவது குளிர்ல வளர்ச்சிய நிறுத்திட்டு கெடக்குறது, தேவைப்படாம இருக்கலாம். வெளிநாட்டு வீடியோவ பாத்துட்டு எல்லாத்தையும் ஃப்ரிட்ஜுல தூக்கி வச்சா நல்லா இருந்த செடியும் போயிரும். அதனால ஸ்டெப் 1, செடி பேர கண்டுபிடிங்க.

கேப்பென்சிஸ், ஸ்பாத்துலாட்டா, அடிலே இதுல ஒண்ணுன்னா அப்படியே விட்ருங்க, வருஷம் பூரா வளரும், அதுலயும் கேப்பென்சிஸுக்கு நம்ம மார்கழி வாடைதான் சொகமான நேரம், சித்திரையிலதான் சுணங்கும். பர்மானி, இண்டிகா ரெண்டும் நம்ம நாட்டுச் செடியே, பெரும்பாலும் பூத்து விதை விட்டுட்டு காஞ்சுரும், அது தூக்கம் இல்ல, ஆயுசு முடிஞ்சுது, விதைய தட்டி அதே தொட்டியில தூவிவிடுங்க. தூங்கியே ஆகணும்னு அடம்பிடிக்கிறது ரொட்டுண்டிஃபோலியா, ஆங்லிகா, ஃபிலிஃபார்மிஸ் மாதிரி குளிர்தேசத்து ஆளுங்கதான். இன்டர்மீடியா ரெண்டுங்கெட்டான், க்யூபா வகைக்கு வேணாம், ஐரோப்பா வகைக்கு வேணும், வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

குளிர்தேசத்து வகைக்கு பகல் சுருங்கணும், குளிரும் 0-ல இருந்து 10 டிகிரிக்குள்ள மூணு மாசம் நிக்கணும். மண்டபத்துலயும் கீழக்கரையிலயும் ராத்திரி 20 டிகிரிக்குக் கீழ போறதே அபூர்வம், ஆடிக்கும் மார்கழிக்கும் பகல் நேரத்துல ஒரு மணி நேரம்தான் வித்தியாசம் வரும், செடிக்கு எப்படிங்க தெரியும் குளிர்காலம்னு? அதனால ஃப்ரிட்ஜோட காய்கறி ட்ரேதான் நமக்கு குளிர்காலம்.

ஸ்டெப் 2, கார்த்திகை பொறந்ததும் பூச்சி குடுக்குறத நிறுத்திட்டு, ஏசி ரூம் இருந்தா அங்க மாத்தி வெளிச்சத்த 8, 9 மணி நேரமா குறைங்க. புது இலை சின்னதாகி, பிசுபிசுப்பு இல்லாம, நடுவுல பச்சையா இறுக்கி மூடுன மொட்டு ஒண்ணு நிக்கும், அது வந்துருச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது. வரலன்னாலும் வைக்கலாம், ஆனா அழுகுற சான்ஸ் ஜாஸ்தி.

ஸ்டெப் 3, கார்த்திகை கடைசியில வேரோட எடுத்து, கருத்த இலையெல்லாம் கத்தரிச்சு, மழைத்தண்ணியில அலசுங்க. போர் தண்ணிய கிட்டயே கொண்டுவராதீங்க, நம்ம ஊரு உப்பு அதுக்கு விஷம். மழைத்தண்ணி பிடிக்கும்போதும் மொத மழைய விட்ருங்க, மொட்டைமாடியில படிஞ்ச கடக்காத்து உப்பெல்லாம் அதுலதான் கரைஞ்சு வரும். மழைத்தண்ணி இல்லன்னா ஆர்ஓ தண்ணி.

ஸ்டெப் 4, ஸ்பேக்னம் மாஸ (ஒரு வகைப் பாசி) நனைச்சு நல்லா பிழிஞ்சு, சொட்டக்கூடாது, அதுல சுத்துங்க, செடிக்கடை கந்தகத் தூள துளியூண்டு தூவி ஜிப் கவர்ல போட்டு காய்கறி ட்ரேயில வைங்க. ஃப்ரீசர் வேணவே வேணாம், பின்பக்க சுவர்லயும் ஒட்டக்கூடாது, அங்க ஐஸ் கட்டும். கவர் மேல பெருசா எழுதி ஒட்டிருங்க, இல்லன்னா அழுகுன கீரைன்னு நெனச்சு வீட்டுல யாராவது குப்பையில போட்ருவாங்க (எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல மீனுக்கே எடம் பத்தாது, இதுக்கு எங்க மரியாதை).

ரெண்டு வாரத்துக்கு ஒருக்க தொறந்து பாருங்க. வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா அந்த எடத்த வெட்டி அலசி புது மாஸ்ல சுத்துங்க. மொட்டு கெட்டியா இருந்தா உயிரோட இருக்கு, தொட்டா கொழகொழன்னு போச்சுன்னா போச்சு. கரண்ட் போனா பதறாதீங்க, கதவ தொறக்காம இருந்தா போதும்.

ஸ்டெப் 5, மாசி கடைசியில வெளிய எடுத்து பீட் மாஸும் (மக்குன பாசி) கழுவுன சிலிக்கா மணலும் கலந்து நடுங்க, கடற்கரை மணல் ஆகாது. அடியில தட்டுல மழைத்தண்ணி நிக்கட்டும். நேரா பங்குனி வெயில்ல வச்சா ஒரே நாள்ல கருகிரும், மொத ரெண்டு வாரம் நிழல் வலைக்கு அடியில, அப்பறம் காலை வெயில் மட்டும். உரம் எதுவும் போடாதீங்க, புது இலையில பசை துளித்துளியா நிக்க ஆரம்பிச்சதும் ஒரு சின்ன எறும்ப வச்சுப் பாருங்க, இலையோ அதுல இருக்குற பசை முடியோ மெதுவா மடங்குனா செடி நல்லாதான் இருக்குன்னு அர்த்தம்.