மச்சானின் பிளானிங் விண்ணப்பம் உங்கள் கமிட்டிக்கு வந்தால்

இங்கிலாந்தில் கவுன்சிலர்களின் சொந்த நலன் பற்றிப் பேசும் முக்கியமான சட்டம் 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம். அதன் கணக்கில் உங்கள் குடும்பம் மிகச் சின்னது. நீங்கள், உங்கள் கணவர் அல்லது மனைவி, அல்லது அப்படிச் சேர்ந்து வாழ்பவர். அவ்வளவுதான். அண்ணன் இல்லை, மருமகன் இல்லை, மச்சான் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவர் கவுன்சிலராகி, பிளானிங் (கட்டட அனுமதி) கமிட்டியிலும் இருந்தால், அவருக்கு வரும் தலையிடியில் பெரும்பங்கு சட்டம் பெயர் சொல்லாத இந்த இனசனத்திடமிருந்துதான் வருகிறது.

நான் லண்டனில் ஒரு கவுன்சிலின் கமிட்டிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அஜெண்டா தயாரிப்பதும், கூட்டத்தில் தலைவருக்குப் பக்கத்தில் இருந்து குறிப்பெடுப்பதும், யார் எந்த விண்ணப்பத்துக்கு வெளியே போனார்கள் என்று எழுதுவதும் என் வேலை. தேர்தல் முடிந்து புதிதாக வரும் தமிழ்க் கவுன்சிலர்கள் கூட்டத்துக்குச் சற்று முன்னால் என்னை ஒதுக்கிக் கூப்பிட்டு, "அக்கா, இதை டிக்ளேர் பண்ண வேணுமோ?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் நின்றபடி சொல்லக்கூடிய பதில் இல்லை இது. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென்று ஒரு நடத்தை விதி வைத்திருக்கும். கீழே நான் சொல்வது உள்ளூராட்சிச் சங்கம் 2020இல் வெளியிட்ட மாதிரி விதியை ஒட்டியது. உங்கள் கவுன்சிலின் விதியையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

முதல் வேலை, பதிவேடு. பதவிக்கு வந்து 28 நாளுக்குள் உங்கள் நலன்களை மொனிட்டரிங் ஒஃபிசருக்கு (கவுன்சிலர்களின் நடத்தை விதியைக் கவனிக்கும் கவுன்சில் அதிகாரி) எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை, வியாபாரம், கவுன்சிலோடு செய்த ஒப்பந்தம், கவுன்சில் எல்லைக்குள் இருக்கும் காணி, வீடு, ஒரு கம்பனியில் 25,000 பவுணுக்கு மேற்பட்ட பங்கு அல்லது அதன் மொத்தப் பங்கில் நூறில் ஒன்றுக்கு மேல். (பங்கு விஷயத்தில் அந்தக் கம்பனிக்கு உங்கள் எல்லைக்குள் இடமோ காணியோ இருக்க வேண்டும்.) இவற்றில் எங்கள் ஆட்கள் தவறவிடுவது வீடுதான். இருக்கிற வீட்டை எழுதுவார்கள். வாடகைக்கு விட்ட வீடு மனைவி பெயரில் இருந்தால் எழுதாமல் விடுவார்கள். அண்ணனோடு பாதிப் பாதி காசு போட்டு வாங்கிய கடையும் விடுபடும். மனைவி பெயரில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதுவும் உங்கள் நலன்தான். கம்பனி இயக்குநர் பெயர்களை இணையத்தில் எவரும் காசில்லாமல் தேடலாம், காணிப் பதிவைச் சில பவுண் கட்டினால் எடுக்கலாம். விண்ணப்பத்தை எதிர்க்கும் அயலவர் அதைத்தான் முதலில் செய்வார்.

பதிவேட்டில் வர வேண்டிய இந்தக் காசு நலன் சம்பந்தப்பட்ட விண்ணப்பம் வந்தால் பேச்சுக்கே இடமில்லை. விவாதத்தில் சேரக்கூடாது, வாக்களிக்கக்கூடாது. தக்க காரணம் இல்லாமல் மீறினால் அது குற்றம். அபராதம் உண்டு, ஐந்து வருடம் வரை பதவிக்கு வர முடியாதபடி தடையும் போடலாம். உங்கள் வீட்டுக்கே எக்ஸ்டென்ஷன் போட விண்ணப்பித்தால் ஒரு முகவரைப் பிடித்து அவர் மூலம் அனுப்புங்கள். பிளானிங் ஒஃபிசரோடு நீங்கள் நேரே கதைக்க வேண்டாம். கவுன்சிலரின் சொந்த விண்ணப்பத்தை ஒஃபிசர் மட்டத்தில் முடிக்காமல் கமிட்டிக்குக் கொண்டுவருவதுதான் பொதுவான வழக்கம். அன்றைக்கு நீங்கள் மண்டபத்திலேயே இருக்கக்கூடாது.

இது சுலபமான பகுதி. கோடு தெளிவாக இருக்கிறது.

சொந்தம், கோயில், சீட்டு

மாதிரி விதியில் இன்னொரு வட்டம் இருக்கிறது. உங்கள் உறவினர் அல்லது நெருங்கிய பழக்கம் உள்ளவரின் காசையோ நல்வாழ்வையோ ஒரு முடிவு பாதிக்குமானால் அதைச் சொல்ல வேண்டும். வார்டில் உள்ள பெரும்பான்மை ஆட்களைவிட அவரைக் கூடுதலாகப் பாதித்து, விவரம் தெரிந்த ஒரு பொதுமகன் "இது இவருடைய தீர்ப்பைத் தொடும்" என்று நினைப்பாரானால், வெளியே போகவும் வேண்டும். மச்சான் உள்ளே வருவது இந்த வாசலால்தான்.

உறவு எவ்வளவு தூரம் வரை? அதற்கு நீதிமன்றம் ஒரு அளவுகோல் தந்திருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் வீடு விற்ற விவகாரத்தில் 2001இல், அப்போது மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது: நேர்மையான, விவரம் அறிந்த ஒரு பார்வையாளர் எல்லா உண்மைகளையும் பார்த்துவிட்டு, பக்கச்சார்பு இருக்க உண்மையான வாய்ப்பு உண்டு என்று முடிவெடுப்பாரா? உங்கள் மனச்சாட்சி சுத்தமாக இருக்கலாம். இந்த அளவுகோல் அதைக் கேட்கவில்லை. "நான் மச்சானுக்காக வாக்குப் போட மாட்டன், எனக்கு என்னைத் தெரியும்" என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். ஆனால் பார்வையாளர் வரிசையில் இருக்கும் அயலவருக்கு உங்களைத் தெரியாது.

வில்ட்ஷயரில் நடந்ததைப் பாருங்கள். ஒரு கவுன்சிலர் ஒரு வீடமைப்புச் சங்கத்தின் இயக்குநராகவும் இருந்தார். ஹோல்ட் என்ற கிராமத்தில் வீடு கட்ட வந்த விண்ணப்பத்தில், குறைந்த விலை வீடுகளை அந்தச் சங்கம் எடுக்கும் என்ற பேச்சு இருந்தது. அவர் கமிட்டியில் இருந்து ஆதரவாக வாக்களித்தார். 2015இல் வழக்கு உயர்நீதிமன்றம் போனது. லோக்கலிசம் சட்டத்தின் இறுக்கமான அர்த்தத்தில் காசு நலன் இல்லை என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனாலும் பக்கச்சார்பு இருப்பதாகத் தோன்றுகிறது என்று சொல்லி அனுமதியையே ரத்துச் செய்தார். படிவத்தில் எழுத வேண்டியதில்லை என்பதால் இருந்து வாக்களிக்கலாம் என்று ஆகிவிடாது.

இப்போது கோயிலுக்கு வருவோம். லண்டனில் எங்கள் கோயில்களில் பல ஒரு காலத்தில் தேவாலயமாகவோ வெயார்ஹவுஸாகவோ இருந்த கட்டடங்கள். பயன்பாட்டை மாற்றுவதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும். வெள்ளிக்கிழமைக் கூட்டம், தேர் அன்றைக்குக் கார் நிறுத்துவது, மேளம், அன்னதானக் குப்பை என்று அயலவர் எழுதிய எதிர்ப்புக் கடிதங்கள் ஒரு கட்டாக இருக்கும். கமிட்டியில் இருக்கும் தமிழ்க் கவுன்சிலர் என்ன செய்ய வேண்டும்?

அறங்காவலர் சபையில் இருந்தால், அல்லது நிர்வாகத்தில் எந்தப் பதவி வைத்திருந்தாலும், அது பதிவேட்டில் இருக்க வேண்டிய நலன். அன்றைக்கு வெளியே போக வேண்டியதுதான். இடைக்கிடை போய்க் கும்பிட்டு, அர்ச்சனை செய்துவிட்டு வருபவர் என்றால், என் அபிப்பிராயத்தில் அதைக் கமிட்டியில் சொல்லிவிட்டு அங்கேயே இருக்கலாம். தேவாலயத்துக்குப் போகும் வெள்ளைக்காரக் கவுன்சிலர் தேவாலய விண்ணப்பத்துக்கு எழுந்து போவதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்தான் சிக்கல்: வருடா வருடம் திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவர் குடும்பத்தினுடையது, கட்டட நிதிக்குப் பெரிய தொகை கொடுத்திருக்கிறார், பெயர் கல்லில் பொறித்திருக்கிறது. விதியில் எங்கேயும் உபயம் என்று எழுதியிருக்காது. ஆனால் அந்தக் கல்லின் படத்தை எதிர்ப்பாளர் ஒருவர் கமிட்டிக்கு அனுப்பினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவர் வெளியே போவதுதான் கோயிலுக்கும் நல்லது. அவருடைய வாக்கோடு கிடைத்த அனுமதியை நீதிமன்றத்தில் உடைக்கலாம். அவர் இல்லாமல் கிடைத்ததை அந்தக் காரணம் சொல்லி உடைக்க முடியாது.

சீட்டும் அப்படித்தான். விண்ணப்பதாரர் பிடிக்கும் சீட்டில் நீங்கள் காசு கட்டிக்கொண்டிருந்தால், உங்கள் காசு அவர் கையில் இருக்கிறது, அல்லது எடுத்துவிட்டு நீங்கள் அவருக்குக் கட்ட வேண்டி இருக்கிறது. இங்குள்ள எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. மொனிட்டரிங் ஒஃபிசருக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. நீங்களாகத்தான் விளங்கப்படுத்த வேண்டும். "மாதா மாதம் இவ்வளவு, இத்தனை பேர், அவர் பொறுப்பாளர்" என்று நாலு வரி எழுதினால் போதும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். விண்ணப்பதாரர் தமிழர் என்பதற்காகவே எழுந்து போகும் கவுன்சிலர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு மனவருத்தம் தரும் காட்சி. ஒரே மொழி, ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம் என்பது மட்டும் நலன் ஆகாது. பழைய மாணவர் சங்கத்தில் நூற்றுக்கணக்கானவர்களில் இருவராக இருப்பது நெருங்கிய பழக்கம் ஆகாது. தேவையில்லாமல் வெளியேறினால் உங்கள் வார்ட் மக்கள் தங்கள் வாக்கை இழக்கிறார்கள். அயலவராக எதிர்ப்பு எழுதிய தமிழரும் அதில் அடக்கம். நேரில் கண்டால் நின்று கதைப்பீர்களா, வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவீர்களா, காசுத் தொடர்பு உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால் இருந்து உங்கள் வேலையைச் செய்யுங்கள்.

தொலைபேசி வரும்போது

விண்ணப்பம் போட்ட வாரமே அழைப்பு வரும். "தம்பி, ஒரு சின்ன விஷயம்..." என்று தொடங்கும். பெரியவர், ஊர்க்காரர், உங்கள் தேர்தலுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவர். கடுமையாகப் பேச மனம் வராது. பேசத் தேவையும் இல்லை. இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணை, நான் அந்தக் கமிட்டியில இருக்கிறன். இப்ப ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. நீங்கள் சொல்ல வேண்டியதை பிளானிங் ஒஃபிசருக்கு எழுத்தில அனுப்புங்கோ, அது எல்லாருக்கும் வரும். நீங்கள் எடுத்த விஷயத்தை நானும் ஒஃபிசருக்குச் சொல்லி வைக்க வேணும், குறை நினைக்காதேங்கோ." கடைசி வரியை விடாதீர்கள். அன்றைக்கே ஒஃபிசருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பதில் எழுதாதீர்கள். கவுன்சில் வேலை பற்றி உங்கள் சொந்தத் தொலைபேசியில் எழுதியதையும் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

சாப்பாட்டு மேசையிலும் கவனம். 2019 நவம்பரில் ஒரு நிதி திரட்டும் விருந்தில் அன்றைய வீடமைப்பு அமைச்சர் ரொபேட் ஜென்றிக் ஒரு கட்டடத் திட்டத்தின் சொந்தக்காரருக்குப் பக்கத்தில் இருந்தார். அடுத்த ஜனவரியில் கிழக்கு லண்டனில் 1,500 வீடுகளுக்கான அந்தத் திட்டத்தை அவரே அனுமதித்தார். டவர் ஹம்லெட்ஸ் கவுன்சில் வழக்குப் போட்டதும், பக்கச்சார்பு இருந்ததாகத் தோன்றுவதால் தன் முடிவு சட்டப்படி செல்லாது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அமைச்சருக்கே இப்படி என்றால், பூப்புனித நீராட்டு விழாவில் யார் பக்கத்தில் உங்களை உட்காரவைக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது தவறில்லை. 50 பவுணும் அதற்கு மேலும் பெறுமதியான அன்பளிப்பு கவுன்சிலர் என்ற முறையில் வந்தால் 28 நாளுக்குள் பதிய வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருப்பவரிடமிருந்து என்றால் இனிப்புப் பெட்டியைக்கூட வாங்க வேண்டாம் என்பேன்.

முன்கூட்டியே கருத்துச் சொல்வது வேறு விஷயம். "இந்தத் தெருவில் இன்னொரு மாடிக் கட்டடம் வேண்டாம்" என்று தேர்தலில் சொன்னதாலேயே நீங்கள் மனத்தை மூடிவிட்டதாக ஆகாது. லோக்கலிசம் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. சாய்வு இருக்கலாம். அறிக்கையைப் படித்து, இரு தரப்பையும் கேட்டு, மனம் மாறவும் தயாராக இருக்க வேண்டும். அதற்குத் தயாரில்லாத அளவுக்கு ஒரு விண்ணப்பத்தில் ஈடுபட்டுவிட்டீர்களா? அன்றைக்குக் கமிட்டியில் இருக்காமல், வார்ட் கவுன்சிலராக உங்கள் நிமிடங்களில் பேசிவிட்டுப் போங்கள். அது கௌரவமான வழி.

கூட்ட வாரம்

அஜெண்டா கூட்டத்துக்கு முழுதாக ஐந்து வேலை நாள் முன்னர் வெளிவரும். அன்றே மூன்றைப் பாருங்கள்: விண்ணப்பதாரர் யார், அவருடைய முகவர் யார், இடம் எங்கே. முகவரை மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்குப் படம் வரைந்தவரே இதற்கும் வரைந்திருப்பார். இடத்தை வரைபடத்தில் பாருங்கள். உங்கள் வாடகை வீடு பின்தெருவில் இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் அன்றே மொனிட்டரிங் ஒஃபிசருக்கு எழுதுங்கள். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் என்னைக் கேட்டால், வெளியே போங்கள் என்றுதான் நான் சொல்வேன், ஏனென்றால் விசாரிக்க நேரமில்லை. முன்னரே எழுதியிருந்தால், "நீங்கள் இருக்கலாம்" என்ற பதில்கூட வரக்கூடும். எழுத்தில் கேட்டால், நலன் இருந்தாலும் பங்கெடுக்கும்படி சில காரணங்களுக்காக விலக்கு அளிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

கூட்டத்தில், நலன் தெரிவிக்கும் நேரம் வரும்போது தெளிவாகச் சொல்லுங்கள். "எனக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு" என்று மட்டும் சொன்னால் நான் எதை எழுதுவது? "ஏழாம் இலக்க விண்ணப்பதாரர் என் மனைவியின் சகோதரர், நான் பங்கெடுக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். பதிவேட்டில் இல்லாத காசு நலனைச் சபையில் சொன்னால் 28 நாளுக்குள் அதைப் பதியவும் வேண்டும்.

பிறகு வெளியே போங்கள். வெளியே என்றால் கதவுக்கு வெளியே. பின் வரிசையில், மச்சானுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடாதீர்கள். தொலைபேசியில் உள்ளே இருக்கும் கட்சிக்காரருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். பொதுமக்கள் பேசும் நேரத்தில் பேச மாதிரி விதி சிலவகை நலன்களுக்கு இடம் தருகிறது. பேசினால், பேசி முடித்த உடனே வெளியேற வேண்டும். காசு நலன் என்றால் அதுவும் வேண்டாம், முகவர் பேசட்டும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் விண்ணப்பதாரர் உங்கள் சொந்தம் என்று தெரியவந்தால் மறைக்காதீர்கள். அன்றிரவே மொனிட்டரிங் ஒஃபிசருக்கு எழுதுங்கள். அனுமதிக் கடிதம் இன்னும் வெளியே போயிராவிட்டால் விண்ணப்பத்தை மறுபடி கமிட்டிக்குக் கொண்டுவரலாம். போன பிறகு என்றால், நீதிமன்றத்தில் அதை எதிர்க்க ஆறு வாரம்தான். அதற்குள் கவுன்சிலுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் முந்தைய கூட்டக் குறிப்பை ஏற்றுக்கொள்ளும்போது உங்கள் பெயர் வரும் இடத்தைத் தேடிப் படியுங்கள். என்ன நலன் சொன்னீர்கள், எந்த விண்ணப்பத்துக்கு வெளியே போனீர்கள், எப்போது திரும்பி வந்தீர்கள் என்று மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கையை உயர்த்தித் திருத்தச் சொல்லுங்கள். நான் உடனே திருத்துவேன்.