ஹைபிரிட் புக் பண்ணிட்டு மனசு ஊசலாடுதா?

மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் காருக்கு (பெட்ரோல் இன்ஜினோட பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓடுறது) அட்வான்ஸ் கட்டிட்டு வந்த ராத்திரியே ஹூண்டாய் கிரெட்டா வீடியோ பாத்தா தூக்கம் போயிடும், எனக்கும் போச்சு. அதுல ஏடாஸ் (ஆபத்துன்னா எச்சரிச்சு, தானா பிரேக் போடுற வசதி) இருக்கே, சீட்டு நல்லாருக்கேன்னு மனசு அலையும்.

முதல்ல பேப்பர் பேனா எடுங்க. கம்பெனி சொல்ற 27.97 மைலேஜை மறந்துட்டு, லிட்டருக்கு ஹைபிரிட் 22 கிலோமீட்டர், சாதா பெட்ரோல் வண்டி 13 கிலோமீட்டர்னு வைங்க, வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினா கிட்டத்தட்ட 380 லிட்டர் மிச்சம், லிட்டர் 100 ரூபான்னா 38,000. ரெண்டு வண்டிக்கும் ஆன்ரோடு வித்தியாசம் 3 லட்சம்னா அதை எடுக்கவே எட்டு வருஷம் ஆகும், பேட்டரி வாரண்டியும் அதே எட்டு வருஷம்தான்!

அடுத்து, வீட்ல இருக்கிற பெரிய சூட்கேஸை ஷோரூமுக்கே தூக்கிட்டு போங்க. சேல்ஸ் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும். ஹைபிரிட்ல டிக்கிக்கு அடியில பேட்டரி உக்காந்திருக்கு, தரை மேடேறி 265 லிட்டர்தான் இடம், எங்க பெட்டி படுக்கல, நிக்க வச்சா டிக்கியை மேல மூடுற பார்சல் டிரே மூடல.

டெஸ்ட் டிரைவ் காலி ரோட்டுல வேணாம், சாயங்காலம் ஆறு மணிக்கு சென்னை ஓஎம்ஆர் மாதிரி நெரிசல் ரோட்டுல ஓட்டுங்க. சிக்னல்ல இன்ஜின் ஆஃப் ஆகியும் ஏசி சில்லுனு வரும், அங்கதான் ஹைபிரிட் ஜெயிக்குது. மேம்பாலத்துல மிதிச்சா மூணு சிலிண்டர் இன்ஜின் கத்தும், அதையும் கேட்டுக்கோங்க.

மாத்துறதா இருந்தா பில் போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிப்பாங்கன்னு எழுத்துல வாங்குங்க. நான் மாத்தல, தினமும் டிராஃபிக்லயே கிடக்குறவன்.