இணையப் பக்கத்தின் முகவரியில் தேடுசொல்

பத்தமடைப் பாய் விற்கும் ஒருவரின் இணையதளத்தை அண்மையில் பார்த்தபோது, பட்டுப்பாய்க்குரிய பக்கத்தின் முகவரி வெறும் கேள்விக்குறியும் எண்களுமாக இருந்தது. அதற்குப் பதிலாக, வாங்க விரும்புபவர் தேடுபெட்டியில் எழுதக்கூடிய ‘பத்தமடை’, ‘பட்டுப்பாய்’ ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில், இடையே சிறுகோடு (-) இட்டு அமைத்தால், இணைப்பைப் பார்த்த மாத்திரத்திலேயே உள்ளே என்ன இருக்கிறது என்பது விளங்கிவிடும். அடிக்கோட்டைவிட (_) சிறுகோட்டையே கூகுளும் பரிந்துரைக்கிறது.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைப்பதில் தவறில்லை. கூகுள் அதைப் படித்துக்கொள்ளும். ஆனால், நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகள் கலந்த 9 எழுத்துகளாக விரியக்கூடும் என்பதால், ப, துணைக்கால், ய, புள்ளி என 4 குறிகளே கொண்ட ‘பாய்’ என்னும் சிறு சொல் 36 எழுத்துகளாக நீண்டு, ஏதோ மோசடி இணைப்பைப் போலத் தோற்றமளிக்கும்.

முகவரியில் சொல்லைச் சேர்த்தவுடன் தேடல் முடிவுகளில் முதலிடம் கிடைத்துவிடும் என்று நெல்லைக்காரர்களுக்கே அல்வா கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தரவரிசையில் அதன் பங்கு மிகச் சிறியது. ஒரே சொல்லை மூன்று முறை திணிப்பதால் பயன் ஏதுமில்லை.

ஏற்கெனவே தேடலில் வந்துகொண்டிருக்கும் முகவரியை மாற்ற நேர்ந்தால், பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும், 301 எனப்படும் நிலையான திசைமாற்றத்தையும் உடன் அமைத்துவிடுங்கள். இல்லையெனில் பழைய இணைப்பைச் சொடுக்குபவர் ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பின் முன்தான் போய் நிற்பார்.