இலை இதய வடிவில் இருந்தால் சீந்திலா?

போன ஞாயிறு காலை தாம்பரம் பக்கம் ஒரு தெருவில், காம்பவுண்டு சுவருக்கு முன்னால் ஆறு பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றோம். மாதம் ஒருமுறை இப்படிச் செடி பார்க்க நடப்பது எங்கள் வழக்கம். முதல்முறை வந்திருந்த ஒரு தம்பி சுவரில் தொங்கிய கொடியைக் காட்டி, “சீந்தில்தானே சார்?” என்றார். மருந்துக்கு எடுக்கும் மூலிகைக் கொடி அது.

“எதை வைச்சுச் சொல்றீங்க?”

“இலை ஹார்ட் மாதிரி இருக்கே.”

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையைச் சொல்லி நான் ஒரு குடும்பத்தையே வாந்தி எடுக்க வைத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். செம்பருத்தியையும் முல்லையையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு அல்ல. ஓரளவு செடி தெரியும் என்று நம்பத் தொடங்கியவர்களுக்கு. ஆபத்தே அவர்களிடம்தான். அவர்கள் செய்யும் தவறுகள் இவை, நானும் செய்தவைதான்.

இலை வடிவத்தை மட்டும் நம்புவது

2020. வீட்டுக்கு வீடு கபசுரக் குடிநீர் கொதித்த காலம். அதில் சேரும் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று என்று தெரிந்ததும் எல்லோருக்கும் பச்சைச் சீந்தில் வேண்டியிருந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை. அதன் சுவர் முழுக்க ஒரு கொடி, இதய வடிவ இலை. வெட்டினேன். வெட்டும்போது கையில் பிசுபிசுவென்று வெள்ளையாக ஒட்டியது. பச்சைத் தண்டுதானே, ஒட்டத்தான் செய்யும் என்று வேட்டியில் துடைத்துக்கொண்டேன். மூன்று வீட்டுக்கு ஆளுக்கு ஒரு முழம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அத்தையிடம் நீட்டினேன்.

அத்தை ஒரு இலையைக் கசக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, “ஏண்டா, மோந்து பார்த்தியா? சீந்தில்ல ஏதுடா பாலு? இது வேலிப்பருத்திடா” என்றார்.

இரண்டு வீட்டுக்கு போன் போட்டு நிறுத்திவிட்டேன். மூன்றாவது வீட்டில் அதற்குள் கஷாயம் இறங்கிவிட்டது. ராத்திரி முழுக்க வாந்தி. காலையில் சரியாகிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் கறிவேப்பிலையைக்கூடக் காட்டிக் கேட்டதில்லை. வேலிப்பருத்தியும் மூலிகைதான், உத்தாமணி என்று சித்த மருத்துவத்தில் இருக்கிறது. அது வைத்தியர் அளந்து கொடுக்கிற விஷயம். நான் முழம் போட்டுக் கொடுத்தேன்.

சுவர் ஏறும் கொடிகளில் பாதிக்கு இலை இதய வடிவம்தான். வெற்றிலை, மணி பிளாண்ட், சீந்தில், வேலிப்பருத்தி, ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் கொடிரோஸ் எல்லாமே அப்படித்தான். வடிவம் ஒரு துப்பு, அவ்வளவுதான். அதோடு நிறுத்தாமல் இவற்றையும் பாருங்கள்:

முதலில் இலைக்காம்பைக் கிள்ளுங்கள். பால் வந்தால் சீந்தில் இல்லை, பேச்சு முடிந்தது. அப்புறம் கணுவைப் பாருங்கள். வேலிப்பருத்தியில் ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். சீந்திலில் கணுவுக்கு ஒன்றுதான், மாறி மாறி வரும். வேலிப்பருத்தியின் காய் இரட்டையாக, மெத்தென்ற முள்ளோடு தொங்கும். வெடித்தால் பஞ்சு பறக்கும். சீந்தில் பழம் சிறிதாக, சிவப்பாக, கொத்தாக இருக்கும்.

சீந்திலின் முதிர்ந்த தண்டில் மேல்தோல் காகிதம்போல் உரியும், நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். குறுக்கே வெட்டினால் வண்டிச்சக்கரம்போல் ஆரக்கால்கள். மேலிருந்து நூல் நூலாக விழுது இறங்கும். அடியை வெட்டிவிட்டாலும் அந்தரத்தில் தொங்கியபடியே விழுது விட்டு மண்ணைத் தேடும். அமிர்தவல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு கண்ணி பாக்கி இருக்கிறது. டினோஸ்போரா கிரிஸ்பா என்று சீந்திலின் நெருங்கிய சொந்தம் ஒன்று. இலையைப் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். தண்டைத் தடவினால் தெரியும்: பாகற்காய்போல் முண்டும் முடிச்சுமாக இருக்கும். அதைக் குடித்துக் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. சீந்திலென்று நினைத்து இதை எடுத்துவிடக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் ஆயுஷ் அமைச்சகமே எச்சரித்தது. ஆகவே யாராவது “குடிக்கலாமா?” என்று கேட்டால் இப்போது நான் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: பெயர் கேட்டால் சொல்கிறேன், குடிப்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

ஊர்ப்பெயரை வைத்து முடிவு கட்டுவது

தங்க அரளி என்று ஒருவர் சொன்னார், சரி என்று எழுதிக்கொண்டேன். பிறகு போய்ப் பார்த்தால் அது டெக்கோமா. சொர்ணபட்டி என்றும் சொல்வார்கள். அடுத்த தெருவில் அதே பெயரை மஞ்சள் அரளிக்குச் சொல்கிறார்கள். மூன்றாவது வீட்டுச் சுவரில் அலமண்டா. மூன்றுக்கும் மஞ்சள் புனல் பூ.

டெக்கோமாவில் ஒரு காம்பில் பல சிற்றிலைகள், ஓரம் ரம்பப் பல், நீளமாகப் பயறுபோல் காய், பால் கிடையாது. மஞ்சள் அரளியில் ஒற்றை ஒற்றையாகக் குறுகிய இலை, பால், பச்சையாகக் கெட்டிக் காய். அந்தக் காய்க்குள் இருக்கும் விதை இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடியது. பிள்ளைகள் விளையாடும் வீடாக இருந்தால் பெயர் கேட்பதோடு விடாதீர்கள், காயைக் கேளுங்கள்.

பூ ஒன்றினுடையது, இலை வேறொன்றினுடையது

சுவரில் ஒரே கொடி ஏறுவது அபூர்வம். சங்குப்பூ முல்லைமேல் ஏறியிருக்கும், முல்லைமேல் கோவையும் ஏறியிருக்கும். நான் ஒருமுறை நீலச் சங்குப்பூவையும் கோவை இலையையும் ஒரே செடியாக வரைந்து, நோட்டில் “அரிய வகை” என்று குறித்துவைத்தேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. பூவிலிருந்து காம்பு, காம்பிலிருந்து தண்டு என்று விரலாலேயே பின்னோக்கிப் போங்கள்.

ஒரே செடிக்கு ஒரே இலைதான் என்று நினைப்பது

சுவரில் பல்லிபோல் ஒட்டிப் படரும் அத்திக்கொடியைப் பார்த்திருப்பீர்கள், கட்டைவிரல் நகத்தளவு இலை. அதுவே உச்சிக்குப் போனதும் கிளை விட்டு, தடித்த பெரிய இலையோடு அத்திக்காய் பிடிக்கும். கீழே ஒரு செடி, மேலே வேறொரு செடி என்று அடித்துச் சொல்வார்கள். பாட்டிலில் வளரும் மணி பிளாண்ட் தென்னைமேல் ஏறினால் இலை முறம் அளவுக்கு விரிந்து, கிழிந்தும் போகும்.

காகிதப்பூவில் பூவைத் தேடாதது

நிறமாக இருப்பது இலை. நடுவில் வெள்ளையாகக் குச்சிபோல் நிற்பதுதான் பூ.

மூன்று நிறம், மூன்று செடி

இரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாக விரியும், அடுத்து ரோஸ், அப்புறம் சிவப்பு. செடி ஒன்றுதான்.

அடித்தண்டில்லாத போட்டோ

பெயர் கேட்டு அனுப்பாதீர்கள்.

தொட்டுப் பார்த்தே தீருவேன் என்பது

பழுப்பு மயிர் அடர்ந்த காய் தொங்கினால் அது பூனைக்காலி. தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். நம்பிக்கை இல்லாதவர்கள் தொடலாம்.

தாம்பரத்துத் தம்பி கடைசியில் காம்பைக் கிள்ளினார். பால் வரவில்லை. கணுவுக்கு ஒரு இலை, தோல் உரிகிறது, விழுது தொங்குகிறது. சீந்திலேதான். “நான் அப்பவே சொன்னேனே சார்” என்றார்.