பாலக்காட்டுப் பக்கம் குடிவருகிறீர்களா? முதலில் பால் சங்கம், அப்புறம் சந்தை

கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, ஐஐடியில் படிப்பு, தமிழ் மீடியம் பள்ளியில் ஆசிரியர் பணி என்று நம் ஆட்கள் வாளையார் எல்லை தாண்டி வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்ததும் வாடகை வீடு, கேஸ், பிள்ளைகளுக்கு ஸ்கூல் எல்லாம் சரியாகப் பார்த்துவிடுவார்கள். ஆனால் காய்கறி, தயிர், பன்னீர் மட்டும் வாரக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். தயவுசெய்து அதை விடுங்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா முழுக்கப் பாலும் காய்கறியும்தான் பிழைப்பு, அதற்கு நடுவில் குடியிருந்துகொண்டு எல்லை தாண்டிப் போய் வாங்குவதில் அர்த்தமே இல்லை. மொழிப் பயமும் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான்.

முதல் வாரத்திலேயே உங்கள் ஊர் பால் சங்கம் எங்கே என்று விசாரித்துவிடுங்கள். மில்மா பாக்கெட் எந்தக் கடையிலும் கிடைக்கும், அது 1980-இல் தொடங்கிய கூட்டுறவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மில்மாவுக்குப் பால் போவதே இந்தச் சங்கங்களிலிருந்துதான், பல சங்கங்களில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அங்கேயே ஊற்றிக் கொடுப்பார்கள். கறவை விடிகாலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. நம் ஊர் மாதிரி சாயங்காலம் ஆறு மணிக்குத் தூக்குவாளியோடு போனால் கதவு பூட்டியிருக்கலாம், நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். கேனோடு ஒரு அக்கா வருவார், பாலை அளப்பதற்கு முன் ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுத்து மெஷினில் வைப்பார்கள், சில நொடியில் கொழுப்பு இத்தனை, கொழுப்பில்லாத சத்து இத்தனை என்று எண் வரும், அந்த எண்ணை வைத்துத்தான் லிட்டருக்கு விலை. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு அந்தச் சீட்டில் நாலு காசு கூட வரும். "ஏனுங்க்கா, இன்னைக்குக் கொழுப்பு எவ்வளவுங்க வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், மாட்டுக் கதையே வரும். உங்களுக்கும் அந்த எண் உதவும்: டோன்டு, அதாவது கொழுப்பு குறைத்த பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம்தான், அதில் பன்னீர் போட்டால் கொஞ்சம்தான் தேறும், வறண்டும் போகும்.

சீஸ் விஷயத்துக்கு வருகிறேன், புதிதாக வருகிறவர்கள் நிறையக் கேட்பது அதைத்தான். இங்கே உள்ள கலப்பினப் பசுவுக்கு சுவிட்சர்லாந்து ரத்தம் உண்டு. 1963-இல் மூணாறு பக்கம் மாட்டுப்பட்டியில் இந்தோ-சுவிஸ் திட்டம் ஆரம்பித்து, பிரவுன் சுவிஸ் காளைகளை நாட்டு மாட்டோடு சேர்த்து சுனந்தினி என்ற இனத்தை உருவாக்கினார்கள், பாலக்காடு டவுனுக்குப் பக்கத்தில் தோணியிலும் அந்தத் திட்டத்தின் வழிவந்த கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியத்துக்குப் பண்ணை இருக்கிறது. மாடு வந்தது, சீஸ் பழக்கம் மட்டும் ஊருக்குள் வரவில்லை. ஆகவே இங்கே தேட வேண்டியது சின்னப் பண்ணைகள் போடும் பன்னீரையும் வெண்ணெயையும் நெய்யையும்தான். பசும்பால் பன்னீர் எருமைப்பால் பன்னீர் போல கெட்டியாக இருக்காது, கட்டம் கட்டமாக வெட்டி வறுத்தால் உதிரும். அது மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், எருமைப்பாலில் கொழுப்பும் கேசின் புரதமும் கூடுதல், அதனால் வரும் வித்தியாசம். புர்ஜிக்கும் சப்பாத்திக்குள் வைப்பதற்கும் பசும்பால் பன்னீர்தான் எனக்குப் பிடிக்கும்.

வாங்கும்போது பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். தாவர எண்ணெயில் செய்ததைப் பன்னீர் என்று பெயர் போட்டு விற்கக் கூடாது, அனலாக் (பாலுக்கு மாற்றாகச் செய்தது) என்று போட வேண்டும், அந்தச் சொல் பொடி எழுத்தில் எங்காவது ஒளிந்திருக்கும். மாவு கலந்த சந்தேகம் வந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விடுங்கள், நீலமானால் ஸ்டார்ச். பாலுக்கு அரசே காவல் வைத்திருக்கிறது: மீனாட்சிபுரம் எல்லையில் வெளியிலிருந்து வரும் டேங்கர்களைப் பால்வளத் துறை சோதிக்கிறது, ஓணம் நெருங்கும்போது கெடுபிடி கூடும், அந்த நாட்களில் வீட்டுப் பாலையும் எடுத்துக்கொண்டு போய் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம்.

சந்தை என்றால் எனக்கு முதலில் வேலந்தாவளம்தான். எல்லைக் கோட்டின் மேலேயே இருக்கிறது, சுற்றுக் கிராமங்களின் தக்காளி, கத்தரி, வெண்டை, புடலை எல்லாம் அங்கே வந்து இறங்கும். மொத்த வியாபாரம், மூட்டைக் கணக்கு. ஏலத்துக்கு நடுவில் புகுந்து அரைக் கிலோ கேட்டால் யாருக்கும் நேரமிருக்காது, ஓய்ந்த பிறகு கேளுங்கள். நெம்மாறை பக்கம் எலவஞ்சேரியில் விவசாயிகளே சங்கமாகச் சேர்ந்து நடத்தும் சந்தை உண்டு, பாகற்காயும் நீளப் பயறும் அங்கே பறித்த அன்றைக்கே கிடைக்கும். பாலக்காடு டவுன்காரர்களுக்கு வலியங்காடி கடைவீதி இருக்கிறது, நெரிசல்தான், ஆனாலும் மளிகை, மட்டை அரிசி, காய் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். துணிப்பை மறக்காதீர்கள், ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜனவரியிலிருந்தே இங்கே தடை.

உழவர் சந்தையைத் தேடிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகம் இருக்கும், எந்த நாளில் எங்கே காய்ச்சந்தை கூடுகிறது என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். ஓணத்துக்கு நாலு நாள் முன்பு வேளாண் துறையே கடை போடும்: விவசாயியிடம் மொத்த விலைக்கு 10 சதவீதம் கூடக் கொடுத்து வாங்கி, நமக்கு வெளிச்சந்தையைவிட 30 சதவீதம் குறைத்து விற்பதுதான் ஏற்பாடு. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் நல்ல காய் மிஞ்சாது. முதலமடை மாம்பழம் மற்ற ஊர்களுக்கு முந்தி வந்துவிடும் என்பதால், தை பிறந்ததுமே கொல்லங்கோடு பக்கம் போகிறவர்களிடம் விசாரிக்க ஆரம்பியுங்கள்.