கேம் மாற்றிய கார்புரேட்டர் எஞ்சினுக்கு டைமிங் வைப்பது எப்படி?

கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கார்புரேட்டரையும் மாற்றிய நான், டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, மட்டும் மேனுவலில் இருந்தபடியே வைத்தேன். ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐடிலில் குலுங்கியது, மிதித்தால் திணறியது. நான்கு நாள் கார்புரேட்டரை நோண்டினேன். கோளாறு அங்கே இல்லை.

மேனுவல் எண் பழைய கேமுக்கானது. பெரிய கேம் போட்டால் ஐடிலில் எரிந்த வாயு சிலிண்டருக்குள் கலந்து, கலவை மெதுவாக எரியும். பொறி இன்னும் முன்னதாக விழ வேண்டும். அதனால் ஐடில் எண்ணை விட்டுவிட்டு, உயர் வேகத்தில் வரும் மொத்த அட்வான்ஸை (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி விழுகிறது என்பதை) முதலில் பிடியுங்கள். பழைய வி-8 எஞ்சின்கள் பலவற்றுக்கு அது 34 முதல் 36 டிகிரி. உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் வைத்தது என்றால், பாயிண்டின் இடைவெளியை முதலில் வையுங்கள். பிறகு தொட்டால் டைமிங்கும் நகரும்.

இப்போது என்னைக் கவிழ்த்த இடம். கிராங்க் புல்லியின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும் வகை என்றால், ரப்பர் வயதானதும் வளையம் வழுக்கிவிடும். அதிலுள்ள டைமிங் கோடும் கூடவே நகரும். எனக்கு 9 டிகிரி தள்ளியிருந்தது! சரிபார்க்க, பேட்டரி ஒயரைக் கழற்றி, எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் போல்ட்) திருகுங்கள். கிராங்க் போல்ட்டை ஸ்பானரால் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் முட்டியதும் எஞ்சினில் நிலையாக இருக்கும் பாயிண்டருக்கு நேராகப் புல்லியில் கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி, முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடுவே இருப்பதுதான் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் இருக்கும் இடம். ஸ்டார்ட்டரை மட்டும் தொடாதீர்கள், பிஸ்டன் ஓட்டையாகிவிடும். நான் முதலில் புதுக்கோடு போட்டே ஓட்டினேன். வளையம் மறுபடி வழுக்கியது. புல்லியை மாற்றிவிடுங்கள்.

36 டிகிரி என்பது புல்லிச் சுற்றளவில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. 16 செ.மீ. விட்டத்துக்கு ஏறக்குறைய 50 மி.மீ. சுழலும்போது டிடிசிக்கு முன்னதாகப் பாயிண்டரைக் கடக்கும் பக்கத்தில் அளந்து வெள்ளைக் கோடு போட்டால் போதும். அதனால்தான் டயல் வைத்த டைமிங் லைட்டை (பொறி விழும்போதெல்லாம் மின்னிக் கோட்டைக் காட்டும் விளக்கு) விட சாதா லைட்டே எனக்குப் பிடிக்கும். ஒரு சுற்றில் பல பொறி விடும் இக்னிஷன் பெட்டியோடு சில டயல் லைட்டுகள் தப்பாகக் காட்டும்.

எஞ்சினைச் சூடாக்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸைக் கழற்றி கார்புரேட்டர் பக்க வாயை அடைத்துவிடுங்கள். லைட் கிளிப்பை முதல் சிலிண்டர் ஒயரில் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைக் கையால் திருப்ப முடிகிற அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். கோடு மேலும் நகராமல் நிற்கும் வரை ஆர்பிஎம்மை ஏற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை, உள்ளே ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும். கோடு பாயிண்டரில் நின்றதும் போல்ட்டை இறுக்கி, மறுபடி பாருங்கள். இறுக்கும்போதே ஓரிரு டிகிரி ஓடிவிடும். லைட் வெளிச்சத்தில் ஃபேன் நிற்பது போலத் தெரியலாம், கை ஜாக்கிரதை.

அப்புறம் ஐடிலில் பாருங்கள். எனக்கு 10 தான் வந்தது, கேமுக்குப் போதவில்லை. மொத்தத்தை ஏற்றாமல், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்தோடு தானாகக் கூடும் மெக்கானிக்கல் அட்வான்ஸைக் குறைத்து ஐடிலில் 16 கொண்டுவந்தேன். ஹோஸை மாட்டி, ஐடில் ஸ்க்ரூவைத் திருத்தி, பளு ஏற்றி ஓட்டுங்கள். நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டுவது போன்ற சத்தம்) கேட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, 2 டிகிரி பின்னால் இழுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவருக்கு ஐடில் எண் ஒவ்வொரு முறையும் மாறி வந்தது. அவர் ஐடிலை 1,200 ஆர்பிஎம்மில் வைத்திருந்தார். மெக்கானிக்கல் அட்வான்ஸ் அங்கேயே திறக்கத் தொடங்கிவிட்டது. அதன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கனமாக்கியதும் எண் மாறுவது நின்றது.